ஜோரா

“அத்தனை ஒசரக் கண்ணாடிய யாருடா தொடைக்கிறது?” என்று நான் கேட்டதும் அமெரிக்காவில் என் மகன் அருள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். லைன் போய்விட்டதோ என்று ரிசீவரைத் தட்டிப் பார்த்தேன். போகவில்லை. பொறுமையை வரவழைத்துக்கொண்டிருந்தான். பிறகு, “அம்மா, அது சுவர் இல்ல, வியூ” என்றான். வியூவாகவே இருக்கட்டும், அதில் தூசி படியாதா, பறவை வந்து மோதாதா, மழைத் தண்ணீர் வழிந்து கோடு விழாதா என்று எனக்குக் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. அதற்குள் என் வீட்டுக்காரர் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு, “அவ கெடக்கா, நீ சொல்லு தம்பி” என்று சாப்பாட்டு மேசையில் படங்களைப் பரப்ப ஆரம்பித்துவிட்டார்.

படங்கள் எல்லாம் இங்கே கல்கத்தாவில் ராஷ்பெஹாரி முனையிலிருந்த இன்டர்நெட் கடையில் கலரில் எடுத்தவை. அருள் மெயிலில் அனுப்புவான், இவர் போய் அச்செடுத்து வருவார். மின்விசிறியில் பறக்காமல் இருக்க உப்பு ஜாடி ஒரு மூலையில், ஊறுகாய் பாட்டில் ஒரு மூலையில். அருள் எங்களுக்குக் கட்டப்போகிற மலை வீட்டுக்கு மாதிரியாம், எல்லாம் அமெரிக்காவிலும் சுவிட்சர்லாந்திலும் மலை மேல் பணக்காரர்கள் கட்டிக்கொள்ளும் வீடுகள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. தூண் இல்லாமல் பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தளம். கால் வைத்தால் சுடுகிற தரை. கருங்கல் அடுக்கிய கணப்பு. குளியல் தொட்டியைக் கொண்டுபோய் ஜன்னலை ஒட்டி வைத்திருந்தார்கள். கஞ்சன்ஜங்கா மலையைப் பார்க்க நான் குளிக்க வேண்டுமாம். புல்தரை ஒன்று இருந்தது, அதற்கு வேலியே கிடையாது. புல் முடிகிற இடத்தில் வானம் ஆரம்பிக்கும். அருளுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடித்திருந்தது. “வெளிய இருக்கறத உள்ள கொண்டு வரணும்மா, இப்ப மலை வீடுன்னா அதுதான் ட்ரெண்ட்” என்பான். வெளியில் இருப்பது உள்ளே வராமல் இருக்கத்தானே மனிதன் வீடு கட்டுகிறான் என்று நான் சொன்னால் அப்பனும் மகனும் சேர்ந்து சிரிப்பார்கள்.

டார்ஜிலிங் போகிற வழியில் கர்சியாங்குக்குக் கீழே ஒரு சரிவில் அருள் நிலம் வாங்கியிருந்தான். கல்கத்தா கொல்கத்தாவாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சின்ன வயதில் லீவுக்கு டார்ஜிலிங் கூட்டிப்போனபோது பொம்மை ரயிலில் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவன், அப்போதே மனதில் போட்டு வைத்திருக்கிறான் போலிருக்கிறது. நாங்கள் இருவரும் அங்கே இருக்க வேண்டும், அவன் லீவுக்கு வந்து போவான், இதுதான் ஏற்பாடு. டாலிகஞ்சில் நாங்கள் இருந்த ஃப்ளாட்டை அப்புறம் விற்றுவிடலாம் என்று பேச்சு. எனக்கு முட்டி வலி, எனக்கு லேக் மார்க்கெட் முருங்கைக்காய், எனக்கு அண்ணியாகவே ஆகிவிட்ட கீழ்வீட்டு மிதா பௌதி, இதெல்லாம் அந்தப் பேச்சில் எங்கேயும் வரவில்லை. நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

விட்டதற்குக் காரணம் இவர்தான். துறைமுகத்தில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர் என் வீட்டுக்காரர் சுந்தரராஜன். கல்யாணமான நாளிலிருந்து அலிப்பூர் பக்கம் குவார்ட்டர்ஸ் வாசம். சுவருக்கு ஆபீஸ் அடிக்கிற வெளிறிய பச்சை, கதவுக்கு ஆபீஸ் அடிக்கிற சாக்லேட். ஆணி அடிப்பதற்குக்கூட எழுதிக் கேட்க வேண்டும். ஓய்வுக்குப் பிறகு வாங்கிய ஃப்ளாட்டும் யாரோ குடியிருந்துவிட்டுப் போனது. பாலிகஞ்சில் இருந்த ஆர்க்கிடெக்ட் சன்யால், பின்னந்தலையில் குடுமி போட்ட மனிதன், முதல்நாள் இவரைப் பார்த்து, “உங்களுக்கு எந்த ஜன்னலில் சூரியன் உதிக்க வேண்டும், சார்?” என்று இங்கிலீஷில் கேட்டிருக்கிறான். இவர் மாடிப்படி ஏறி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை எனக்குச் சொன்னார். “இந்த அறுபது வயசுல, வீட்டுக்கு என்ன வேணும்னு என்னைய ஒரு ஆள் கேட்டான் சரோ” என்றார். அதற்குமேல் முட்டி வலியை எடுத்து நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன். அது என் பிடிவாதம். ஒவ்வொரு படத்தையும் நீட்டி, “எப்படி?” என்பார். “இருக்கு” என்பேன். “இருக்குன்னா?” “கண்ணு முன்னால இருக்குல்ல, அதான் இருக்குங்கறேன்.” ஒரு வார்த்தை இந்த வாயிலிருந்து வாங்கிவிட வேண்டும் என்று அவர் அலைந்ததும், கொடுக்கக் கூடாது என்று நான் இறுக்கிப் பிடித்ததும் எங்களுக்குள் ஒரு விளையாட்டு மாதிரியே ஆகிவிட்டது.

நிலத்தைப் பார்க்க ஒரு ஜனவரியில் போனோம். நல்ல வெயில், நல்ல குளிர். சன்யாலின் ஆபீஸ் பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடி மேலே ரோட்டுக்குப் போய்விட்டான். நிலத்துக்குக் காவலாக தாமாங் என்று ஒரு ஆளை வைத்திருந்தார்கள். நேபாளி. அவனும் அவன் மனைவியும் குழந்தையும் அங்கேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவன் எங்களைச் சரிவின் ஓரத்துக்குக் கூட்டிப்போய்க் கீழே கைகாட்டினான். அகலமான ஒரு பள்ளம். உருண்டைக் கற்களும் பெரணிச் செடியும் காய்ந்த இலையுமாகக் கிடந்தது. ஒரு குருவி கல்லுக்குக் கல் தத்திக்கொண்டிருந்தது. “யஹாங் ஜோரா ஹை, ஸாப்” என்றான் ஹிந்தியில். இங்கே ஜோரா இருக்கிறதாம்.

இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “கேட்டியா? மலையில பொறந்தவன் தமிழ்ல சொல்றான் பாரு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவன் தோளைத் தட்டி, “ஆமாப்பா, ஜோரா ஹை. பஹுத் ஜோரா ஹை” என்றார். தாமாங் திருப்தியாகத் தலையாட்டினான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொண்டுவிட்டார் என்கிற நிம்மதி அவன் முகத்தில் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த முகம்தான் முன்னால் வருகிறது. அன்றைக்கு எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்துவிட்டு எங்களுக்கு வங்காளி தெரியாது என்று சொல்ல முடியாது. பேசுவோம், சண்டை போடுவோம். ஆனால் நாக்கு நம் நாக்குத்தானே. ஒருமுறை மளிகைக் கடையில் மிளகாய்ப் பொடியைக் கையில் வைத்துக்கொண்டு இது காரமா என்று கேட்டேன். காரம் என்றால் ‘ஜ்ஹால்’, ஜ-வோடு மூச்சும் சேர்ந்து வர வேண்டும். என் வாயில் வந்தது ‘ஜால்’. அதற்குப் போலி என்று அர்த்தம். என் கடையில் போலிச் சரக்கா என்று கடைக்காரன் குதித்த குதியில் தெருவே கூடிவிட்டது. அதை வைத்து மிதா பௌதி என்னை எத்தனையோ நாள் ஓட்டியிருக்கிறாள். நம் பாஷையில் ஒரே ஒரு ஜ, அதுவும் இரவல் வாங்கியது. வாயிலும் வராது, காதிலும் விழாது.

அந்த மழைக்காலத்தில் வேலையை நிறுத்தி வைத்தார்கள், கல்கத்தாவிலிருந்து யாரும் போகவில்லை. மறுபடி குளிர் வந்து பள்ளம் காய்ந்து கிடந்தபோதுதான் போனார்கள். புல் முடிந்து வானம் ஆரம்பிக்க வேண்டும் என்றால் அந்தப் பள்ளத்தை மேடாக்கித்தான் ஆக வேண்டும் என்று சன்யால் படம் போட்டான். லாரி லாரியாக மண் கொட்டினார்கள். கீழ்ப்பக்கம் கல்லடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மேலே புல்லைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்து பாய் விரிக்கிற மாதிரி விரித்தார்கள். தாமாங் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றான் என்று இவர் போனில் சொன்னார். அவன் ஒருமுறை சொல்லியாகிவிட்டது. இவ்வளவு பெரிய வீடு கட்டுகிறவர்கள் தண்ணீருக்கு ஏதோ வழி வைத்திருப்பார்கள் என்று நினைத்திருப்பான் பாவம்.

வீட்டுக்குப் பெயர் வைக்கிற பேச்சு வந்தபோது இவர் யோசிக்கவே இல்லை. “ஜோரா”. அருளுக்கும் பிடித்துவிட்டது. அவன் ஊரில் அது ஏதோ இத்தாலிப் பெயர் மாதிரி ஒலிக்கிறதாம். கரியாஹாட்டில் ஒரு கடையில் பித்தளைத் தகட்டில் இங்கிலீஷ் எழுத்தில் வெட்டி வாங்கி வந்தார். கடைக்காரன் ‘ஜோடா’ என்று படித்தானாம். வங்காளியில் ஜோடா என்றால் ஜோடி. மிதா பௌதியும் அதைப் பார்த்துவிட்டு அப்படித்தான் படித்தாள். “இந்த வயசில் புருஷன் பெண்டாட்டி ஜோடி என்று வாசலில் எழுதி மாட்டப்போகிறீர்களா தீதி” என்று கன்னத்தைக் கிள்ளினாள். நான் திருத்தவில்லை. அந்த அர்த்தம் எனக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது.

வீடு கட்டி முடிந்து, ஜூன் கடைசியில் இவர் மட்டும் முன்னால் போனார். தரையைச் சுட வைக்கிற கம்பியில் ஏதோ கோளாறு, ஆள் வருவான், கூட நின்று பார்க்க வேண்டும் என்றார். துர்கா பூஜைக்குள் என்னையும் கூட்டிப்போய்விடுவதாகப் பேச்சு. தினம் சாயங்காலம் டீ நேரத்தில் அங்கிருந்து போன் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகம் வந்து நிற்பதை, தொட்டியில் வெந்நீரில் படுத்துக்கொண்டு மழை பார்ப்பதை எல்லாம் குழந்தை மாதிரி சொல்வார். முடிக்கும்போது, “நல்லா இருக்கா, சொல்லு” என்பார். “இருக்கு” என்பேன்.

ஜூலை நடுவில் மலையில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஒருநாள் போன் காலையிலேயே வந்தது. இரைச்சலுக்கு நடுவில் இவர் குரல் உற்சாகமாகத்தான் இருந்தது.

“தாமாங் பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிக்கிட்டு மேல தங்கச்சி வீட்டுக்குப் போய்ட்டான் சரோ. என்னையும் வாங்கங்கறான். இந்த வீட்ட விட்டுட்டு அந்தத் தங்கச்சியோட தகர வீட்டுக்கு நான் போகணுமாம்.”

“எதுக்காம்?”

“ஜோரா வருதாம். ஜோரா ஆயேகா, ஜோரா ஆயேகான்னு கையக் கையக் காட்டுறான். வரட்டும்ப்பா, ஜோராவே வரட்டும்னேன்.”

“ஜோரா எப்படிங்க வரும்? ஜோரா இருக்கும். வரும்னா என்ன அர்த்தம்?”

“அவன் தமிழ் அம்புட்டுத்தான்” என்று சிரித்தார். லைன் போய்விட்டது.

எனக்கு அந்த ‘வரும்’ உறுத்தியது. பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சோற்றில் கிடந்த கல் பல்லில் பட்ட மாதிரி. பௌதி பேப்பரோடு மேலே வந்தாள். மலையில் ரோடு எங்கெங்கே சரிந்திருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தான். தாதா எப்படி இருக்கிறார் என்று இவரைப் பற்றிக் கேட்டாள். நான் சும்மா, சிரிப்புக்காகத்தான், காவல்காரன் தமிழ் பேசுகிற கதையை அவளுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அவன் எப்படிச் சொன்னான், அதே மாதிரி சொல்லுங்கள்” என்றாள்.

“ஜோரா.”

“ஜோடாவா?”

“இல்ல பௌதி. ஜோரா.”

அவளுடைய அண்ணன் ஒரு காலத்தில் அந்த மலைப் பக்கம் டீ எஸ்டேட்டில் வேலை பார்த்தவன். அவள் பேப்பரைக் கீழே வைத்தாள். என் வலது கையைப் பிடித்து உள்ளங்கையை என் வாய்க்கு நேராக வைத்து, அவள் கையை அவள் வாய்க்கு நேராக வைத்துக்கொண்டாள். “ஜ்ஹோரா” என்றாள். “கையில் காற்றுப் படுகிறதா பாருங்கள் தீதி. ஜ்ஹோரா என்றானா?”

ஜனவரி வெயிலில் ஒரு நேபாளி என்ன மூச்சு விட்டான் என்று நான் எப்படிச் சொல்வேன்? “அப்படின்னா என்ன?” என்று கேட்டேன்.

மலையில் மேலேயிருந்து இறங்குகிற ஓடை என்றாள். குளிர்காலத்தில் வெறும் கல்லாகக் கிடக்கும், ஆட்டுக்குட்டிகூட அதில் மேயும், மழையில் பாறையை உருட்டிக்கொண்டு வரும். சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். அந்த உருண்டைக் கற்கள் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. கல் எப்படி உருண்டையாகும், எது உருட்டியது என்று அன்றைக்கு அங்கே நின்ற எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அதன் மேல்தான் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, புல்லை விரித்து, இவரைக் குடிவைத்திருக்கிறோம்.

கர்சியாங் நம்பரைப் போட்டேன். இந்தத் தடத்தில் எல்லா லைனும் பிஸி என்று ஒரு பெண் வங்காளியில் சொன்னாள், ஹிந்தியில் சொன்னாள், இங்கிலீஷில் சொன்னாள். மறுபடி போட்டேன். மறுபடி மூன்று பாஷையிலும் பொறுமையாகச் சொன்னாள். சன்யால் ஆபீசுக்குப் போட்டேன். சார் வெளியூரில் இருக்கிறார், மழை முடிந்த பிறகுதான் சைட் விசிட் என்று அங்கே ஒரு பெண். பௌதியின் வீட்டுக்காரர் சியால்டா ஸ்டேஷன் வரை போய் விசாரித்துவிட்டு வந்தார். ரயில் மலைக்குக் கீழே நியூ ஜல்பாய்குரி வரைக்கும் போகும், அதற்கு மேல் எந்த வண்டியும் ஏறவில்லை. அங்கே போலீசுக்குச் சொல்லலாம் என்றார். சொல்வதற்கு லைன் வேண்டுமே.

அருளைக் கூப்பிட்டேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டான். அவன் எப்போதும் நிதானம்.

“அம்மா, டென்ஷன் ஆகாதீங்க. சாயில் டெஸ்ட் எல்லாம் பண்ணித்தான கட்டுனாங்க. கீழ இருக்கறது எஞ்சினியர்டு வால். ஓடையே இருந்தாலும் அது நேச்சுரல் வாட்டர் ஃபீச்சர்மா. இங்கல்லாம் அது இருந்தா வீட்டுக்கு மதிப்பே தனி.”

“அது மேலதான்டா ஒன் புல்தரையே இருக்கு.”

இந்த முறை அவன் பொறுமையை வரவழைக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. பிறகு, “அப்பாவ வெளிய வரச் சொல்லுங்கம்மா” என்றான். குரல் பொம்மை ரயிலில் வந்த பையனுடையதாக இருந்தது.

வரச் சொல்லத்தான் விரல் தேய நம்பரைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பருப்பு தீய்ந்துபோய் வீடெல்லாம் நாறியது. பௌதி போய் அடுப்பை அணைத்தாள். டாலிகஞ்சில் வெயில் அடித்தது. கீழே ஆட்டோக்காரர்கள் மெட்ரோவுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் படங்களை எல்லாம் அலமாரியிலிருந்து இழுத்துப் போட்டேன், ஒன்றையும் கிழிக்க முடியாமல் மறுபடி அடுக்கினேன்.

டீ நேரத்துக்கு போன் மணி அடித்தது.

“சரோ?” அவர்தான். பின்னால் ஒரே இரைச்சல். மழையா, டெலிபோன் கம்பியா, என்ன என்று பிரிக்க முடியவில்லை.

“என்னங்க, ஒடனே வெளிய வாங்க. மேல தாமாங் தங்கச்சி வீட்டுக்குப் போங்க.”

“என்ன? சத்தமாப் பேசு, ஒண்ணும் வெளங்கல.”

“வெளிய வாங்க. தண்ணி வருதுங்க, புல்லுக்கு அடியில ஓடைங்க...”

“ஒரு வார்த்தையும் கேக்கல சரோ. புல்லு ஓரத்துல கொஞ்சம் தண்ணி ஊறுது, அம்புட்டுத்தான். லைட்டு இல்ல. மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கேன், கண்ணாடி பூரா அதுதான் தெரியுது. நீ பாக்கணும்.”

நான் என் பலம் எல்லாவற்றையும் தொண்டைக்குக் கொண்டுவந்தேன். கேட்காவிட்டால் போகட்டும், அந்த ஒரு சொல்லாவது போய்ச் சேரட்டும் என்று, தாமாங் சொன்ன மாதிரி, பௌதி சொன்ன மாதிரி, என் நெஞ்சில் இருந்த காற்றையெல்லாம் சேர்த்துச் சொன்னேன்.

“ஜோரா. அது ஜோராங்க. ஜோரா.”

இரைச்சல் ஒரு கணம் விலகிய மாதிரி இருந்தது. அவர் சிரித்தது நன்றாகக் கேட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

“அப்பாடா” என்றார். “ஒருவழியா ஒன் வாயில வந்துருச்சு பாரு. ஜோராத்தான் இருக்கு சரோ. ஜோராத்தான்.”

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. நான் மறுபடி நம்பரைப் போட்டேன். பௌதி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எல்லா லைனும் பிஸி என்று அந்தப் பெண் முதலில் வங்காளியில் சொல்ல ஆரம்பித்தாள். ரிசீவர் ஒரு கையில் இருக்க, இன்னொரு உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு நான் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கையில் காற்றே படவில்லை.